எண்பத்தைந்து மில்லிமீட்டர் ஆறு

வால்திவியாவில் ஒன்பதாம் நாளாக மழை.
விறகடுப்பின் மேல் என் காலுறைகள் காய்கின்றன.
இதழின் வழிகாட்டிக் குறிப்பு பதினெட்டுப் பக்கம்.
எங்கள் கட்டுரையே பதினாறுதான்.

சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள் வேண்டுமாம்.
என்னிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
முதலில் பெயரடைகளைத் துரத்தினேன்,
பிறகு 'குறிப்பிடத்தக்க' என்பதை, நான்கு இடங்களில்,
பிறகு மழையை.
நாற்பத்தொரு நாளில் முப்பது நாள்
நனைந்துகொண்டே வேலை செய்தோம் என்பது
முடிவுகளைப் பாதிக்கவில்லை.

படம் ஒன்று. ஒற்றைப் பத்தி அகலம்,
எண்பத்தைந்து மில்லிமீட்டர்.
அதற்குள் ஆற்றை அடக்க வேண்டும்.
நாணலை அழித்தேன்.
படகுத்துறையை, பாலத்தை,
கடல்சிங்கங்கள் ஏறிப் படுக்கும் மீன்சந்தைப் படிகளை அழித்தேன்.
எழுத்தை ஏழு புள்ளிக்குக் குறைத்ததும்
சுருண்டு படுத்துக்கொண்டது ஆறு,
வாலை மட்டும் சட்டகத்துக்கு வெளியே நீட்டி.

நிபால்தோ கத்ரிலேஃப் வந்தான்.
மேற்சட்டைக்குள் பொத்திக் கொண்டுவந்த சோபைபியா
இன்னும் சுட்டது.
எண்ணெய் விரலைத் திரையில் வைத்துவிடுவானோ என்று பயந்தேன்,
வைத்தான்.
"ஏழாம் இடம் கரைமேல் நிற்கிறதே.
இங்கே எண்ணினால் மாட்டைத்தான் எண்ணலாம்."

தீர்க்கரேகையில் இரண்டு இலக்கங்கள்
இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
மூன்று பேர் படித்துத் தேறிய கட்டுரை.
கொன்செப்சியோனிலிருந்து அன்னெலீஸ் ஷ்டோல்ஸ்
நான்கு முறை படித்து
அரைப்புள்ளிகளைத் திருத்தி அனுப்பியது.

அன்றிரவே அவளுக்கு எழுதினேன்,
நிபால்தோ பெயரும் ஆசிரியர் வரிசையில் வரவேண்டும் என்று.
நன்றியுரையில் போடலாமே, என்றாள்.
போடலாம்தான்.
அங்கே சொல் வரம்பு இல்லை,
நிதி தந்தவர், நுண்ணோக்கி தந்தவர்,
எவர் வேண்டுமானாலும் உட்காரலாம்.
அவனிடம் சொன்னேன்.
"நன்றி எதற்கு? டீசல் காசுதான் கொடுத்துவிட்டாயே."

கலங்கல் நீரில் கண் உதவாது.
மூச்சை அடக்கி மூழ்கி,
சேற்றுக்குள் கையை விட்டு
விரலால் எண்ணினான் சிப்பிகளை.
ஆயிரத்து நானூற்று ஆறு.
படகில் உட்கார்ந்து நான் கோடு போட்டேன்.
முதல் ஆசிரியர் நான்.

படிவம் திறந்தது.
நிறுவனம்: பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
வெறுமையாக விட்டேன், நகரவில்லை.
சிறு கோடு போட்டேன், நகரவில்லை.
'ஆறு' என்று அடித்தேன்,
மிகக் குறைந்த எழுத்துகள் என்றது.
"படகின் பெயரைப் போடு," என்றான்
வாயில் சோபைபியாவோடு.
லா போர்ஃபியாதா, வால்திவியா, சிலி.
பிடிவாதக்காரி.
பச்சைக் குறி விழுந்தது.
மின்னஞ்சலுக்கு அவன் அக்காவின் தையல்கடை முகவரி.

பிறகு மேற்கோள் பட்டியல்.
ஆண்டுக்குப் பின் முற்றுப்புள்ளியா, காற்புள்ளியா,
இதழின் பெயர் சாய்ந்து நிற்க வேண்டுமா, நேராகவா.
அறுபத்து மூன்று பேரைச் சாய்த்து முடித்தபோது மணி இரண்டு.
அனுப்பினேன்.

காலையில் திரும்பி வந்திருந்தது.
*வரி எண்கள் இல்லை.*

போட்டேன். ஓரத்தில் எறும்புச் சாரையாக எண்கள் இறங்கின.
டீசல் ரசீது கொண்டுவந்த நிபால்தோ கேட்டான்:
"நான் எந்த வரியில் இருக்கிறேன்?"

தேடினேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் வரி, ஆய்வுமுறை:
'சிப்பிகள் எண்ணப்பட்டன.'
எட்டு ஆண்டுகளாக இப்படித்தான் எழுதுகிறேன்.
எடுக்கப்பட்டது, அளக்கப்பட்டது, உலர்த்தப்பட்டது.
இந்த வினையில் எல்லாம் படும்,
யார் மேலும் ஈரம் படாது.

அழித்துவிட்டு அடித்தேன்:
'சிப்பிகளை எண்ணினோம்.'

இரண்டு சொல் இருந்த இடத்தில் இரண்டு சொல்.
மொத்தக் கணக்கு மாறவில்லை.
"'னோம்' என்றால் நீயுமா?" என்றான்.
கோடு போட்டேனே, என்றேன்.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
மழைக்குள் இறங்கிப் போனான்.
காலுறைகள் இன்னும் காயவில்லை.