நாலாம் பக்கம்

காவல்கிணறு தாண்டிக்
கணவாய் வாய் திறக்கிற இடத்தில்
காற்றுக்கு நிற்கத் தெரியாது.
ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு
பனையோலைகளை அடிக்கப் போகும்.
நாலுவழிச் சாலைக்காகக் கல்லை நகர்த்தப் போகிறார்கள்;
அதற்கு முன் நாலு பக்கமும் படம் வேண்டும்
என்றது தாலுகா ஆபீஸ்.
அளவுகோல் வைத்து, நிழல் விழாமல்,
கலர்ப் பிரதி மூன்று.

வள்ளியூரில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எடுக்கிறவள் நான்.
கல் இதுதான் முதல் தடவை.

ரிஃப்ளெக்டர் பிடிக்க ஆக்னல் வந்திருந்தான், உவரிப் பையன்.
காற்று அவனை இரண்டடி தள்ளிக்கொண்டு போனது.
"அக்கா, இதுல ஏறிக் கொழும்புக்கே போயிரலாம்."

கல் என் தோள் உயரம்.
அடியில் ஆட்டுப் புழுக்கை, பீர் பாட்டில் மூடி.
சாலைக்கு முதுகு காட்டுகிற பக்கத்தில் மட்டும்
ஒரு செவ்வரளி.
இன்றைக்கு வைத்தது, வாடவில்லை.

எழுத்து,
விரலால் தடவினால் இருக்கிறது
கண்ணுக்கு இல்லை.
உச்சி வெயில் மணப்பெண் மூக்கையே தட்டையாக்கும்,
கல்லை என்ன செய்யாது?
தண்ணீர் ஊற்றினோம்; ஃபோகஸ் செய்வதற்குள் காய்ந்தது.
"பவுடர் போட்டுப் பாப்பமா?" என்றான்.
என் பையில் இருந்தது, போடவில்லை.

இந்தப் பக்கம் கம்பெனிச் சீமையாம்
அந்தப் பக்கம் மகாராஜா சீமையாம்.
மேற்கே மலைமேல் கருத்து நின்ற மேகம்
அங்கே முழுசாகப் பெய்துவிட்டு
இங்கே சாரலைத் தெளித்தது.
இதற்காகத்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.
இல்லை, வேறென்னவோ மிளகுக் கணக்காம்.

இருட்டுகிற நேரம் ஒரு டாரஸ் லாரி ஓரங்கட்டியது.
இறங்கியவர் கல்லை நோக்கி வந்து
வேட்டியைத் தூக்கப் போனார்.
"அண்ணாச்சி! ஃபோட்டோ எடுக்கோம்!"
பதறிப் போய் நாக்கைக் கடித்தார்.
சொரிமுத்து என்று பெயர் சொன்னார், கேட்காமலே.
பரிகாரம் போல வண்டியை ரிவர்ஸ் எடுத்து
ஹெட்லைட்டைப் பக்கவாட்டில் போட்டார்.

எழும்பிவிட்டது எல்லாம்.
ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலைப் பிடித்துக்கொண்டு.
ஆங்கிலத்தில் ஒரு லெப்டினன்ட்,
பெயர், அப்பன் பெயர், ஊர், வயது இருபத்திரண்டு.
ஆக்னலை விட ஒன்று கூட.
அடியில், கல் முடியப் போகிற அவசரத்தில்,
சிப்பாய்கள் பதினொன்று, லஸ்கர் மூன்று.

மண்டபத்தில் நான் இப்படி விடுவதில்லை.
பின்வரிசை, கொஞ்சம் நெருங்கி நில்லுங்க,
அந்த மஞ்சச் சட்டை, முகம் தெரியல,
என்று கத்திக் கத்தித்தான் என் தொண்டை இப்படி.
வாய் வரைக்கும் வந்தது.

"எதுத்து நின்னவன் கணக்கு?" என்றார் சொரிமுத்து.
மூன்று பக்கம் பார்த்தாயிற்று.
நாலாம் பக்கம் வெறும் கல்.
வெறும் கல் என்றும் சொல்ல முடியாது,
இடுப்பு உயரத்தில் வழவழவென்று ஒரு பள்ளம்.
அவர் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.
"அருவா தீட்டிருக்கானுவ."
எந்த வருஷத்து அறுப்புக்கு,
அறுப்புக்குத்தானா,
அது ஹெட்லைட்டில் தெரியவில்லை.

வியாழக்கிழமை படத்தைத் திருப்பி அனுப்பினார்கள்:
நாலாவதில் பூ இருக்கிறது,
பூ இல்லாமல் எடுத்து வரவும்.

போனேன்.
பூ வேறு; அதே இடம், அதே புதுசு.
சுற்றிலும் யாரும் இல்லை, காற்றாடிகள்தான்.
அதை எடுத்து ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்து மூடி
கேட்டபடி எடுத்தேன்.

திரும்ப வைக்கும்போதுதான்
காம்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது மறந்துபோனது.
பள்ளத்தைப் பார்த்தா, மலையைப் பார்த்தா?
அவர்கள் வேண்டாமென்ற படத்தைப் பையிலிருந்து எடுத்து
காற்றில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து
பார்த்துப் பார்த்து
வைத்தேன்.