நடுச் சிலிண்டர்

ஓம்னிக்கு இன்ஜின் இருக்கைக்கு அடியில்.
அதன் மேல் உட்கார்ந்துதான் ஆறு வருசமாய் ஓட்டுகிறேன்,
வாலிநோக்கத்திலிருந்து ஏர்வாடி கம்பெனிக்கு
நண்டு.

மூன்று பிளக்கில் நடுவிலது அசையவில்லை.
ஸ்பேனர் பிடியில் ஒரு குழாயை மாட்டி
முழு உடம்பையும் சாய்த்தேன்.
கோபம் வேறு இருந்தது அன்றைக்கு,
எடை போடுகிறவன் தண்ணீர் என்று சொல்லி
கிலோவுக்கு நூறு கிராம் கழித்த கோபம்.
டக்.
சின்னச் சத்தம்தான்.
வெள்ளைப் பீங்கானும் ஆறுபட்டைத் தலையும்
கையோடு வந்தன.
மரை உள்ளேயே நின்றுகொண்டது.

இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி.
கச்சான் காற்று உப்பைக் கிளப்பி
கதவுக் கீலில், சக்கர மூடியில்,
என் தோட்டுத் திருகில்கூட ஏற்றிவிடும்.
அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் புகுந்து
அது போட்ட முடிச்சை
நான் பிய்த்திருக்கிறேன்.

பெட்டிகளைப் பால் வண்டியில் ஏற்றிவிட்டு
சிக்கந்தரைக் கூப்பிட்டேன்.
விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர். தடைக்காலம், அதனால் வந்தார்.
குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
"முப்பது வருசத்துல ஒரு பிளக்கு கழட்டுனதில்ல நான்.
டீசலுக்கு ஏதும்மா பிளக்கு? அமுக்குனா அதுவா எரியும்.
ஒன் வண்டிக்குத்தான் ஒவ்வொரு தடவையும்
ஒருத்தன் கொள்ளி வைக்கணும்."
என்னையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து
சிரிஞ்சில் சொட்டு விட்டார்.
சைக்கிள் பம்பால் குழியை ஊதினார்.
ராத்திரி ஊறட்டும் என்று போனார்.
நான் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன்.
உப்பளத்து மோட்டார் நிற்கவேயில்லை.

காலையில் முதல் வேலை பீங்கான்.
மரைக்குள் மிச்சமிருந்ததை ஆணி வைத்துத் தட்ட வேண்டும்,
தட்டியது கீழே விழவும் கூடாது.
என் கொண்டை ஊசியைக் கேட்டார்.
நுனியில் கிரீஸ் தடவி
துண்டு துண்டாய் ஒட்டி எடுத்தார்.
காலண்டர் தாளில் வரிசையாய் வைத்தோம்,
உடைந்த கோப்பையைப் போல் பொருத்திப் பார்த்தோம்.
எட்டுத் துண்டு.
ஓரத்தில் ஓர் அரிசி அளவுக்கு
காலி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

பிறகு முக்கோண அரத்தின் வாலை
மரைக்குள் அடித்து இறக்கினார்.
கால் சுற்று வெளியே. அரைக்கால் உள்ளே. எண்ணெய்.
ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை,
உடனே "மன்னிச்சுக்கம்மா",
உடனே அடுத்தது.
கடைசியில் எனக்கும் இரண்டொன்று வாயில் வந்தது.
அவர் மன்னித்துவிட்டார்.

பதினொன்றரைக்கு வந்தது.
கறுப்பு. மரையின் பள்ளத்தில் சாம்பல் பொரி.
கீழே அந்த வளைந்த முனை அப்படியே,
நகம் நுழையாத இடைவெளியோடு.

"இப்ப சாவியத் திருப்பு. மூஞ்சியத் தள்ளி வச்சுக்க."
குழி இருமியது.
எதுவோ கூரையில் பட்டுத் தெறித்தது.
பாயைத் தூக்கித் தேடினோம்:
செதில், பத்து ரூபாய்க் காசு, காய்ந்த நண்டுக் கால்.
அரிசி இல்லை.
"துருவா இருந்திருக்கும்" என்றேன்.
"அதுவாவும் இருந்திருக்கும்" என்றார்.

சாயல்குடியிலிருந்து புதுப் பிளக் வந்தது.
ஸ்பேனரைத் தொடவில்லை அவர், முதலில் விரலாலேயே
அடிவரை திருகிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும்
என்னிடம் கொடுத்தார்.
குழாயை எடுத்து ஓடையில் எறிந்துவிட்டார்,
என் குழாய்.
அறுநூறு ரூபாய், ஒரு கிலோ நண்டு.

சாயங்காலம் லோடு ஏற்றினேன்.
பின்னால் ஈரச் சாக்குக்கு அடியில்
உயிர் நண்டு பெட்டியைப் பிறாண்டுகிறது.
அடியில் மூன்று சிலிண்டரும் ஓடுகின்றன.
ரேடியோவை நிறுத்திவிட்டேன்.
கருவேலங்காடு தாண்டி மேட்டில் ஏறும்போது
டிக் என்று ஒன்று.
காலைத் தளர்த்திக் கேட்கிறேன்.
பின்னாலா, கீழேயா.
மறுபடி
டிக்.