சாலுரான் ஒன்று

இரண்டு முல்லை வகுப்பறை.
பெருக்கல் வாய்ப்பாட்டின் மேல்
‘கைப்பேசிக்குத் தடை’ ஒட்டியிருக்கிறோம்.
எட்டு வயதுக்கான நாற்காலியில்
முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன்.
கிராணி நான். பெயரை உரக்கப் படிப்பது என் வேலை.

போன தேர்தலில் இந்தப் பள்ளியில் மூன்று சாலுரான்,
இம்முறை பதினொன்று.
வயதுதான் வாசல். மூத்தவர்கள் ஒன்றில்,
பதினெட்டும் பத்தொன்பதும் கடைசியில்.
அந்த வரிசை கேன்டீனைச் சுற்றி
டோல் வரைக்கும் நிற்கிறது என்கிறார் போலீஸ்காரர்.
மிகைதான்.
கோத்தா பாருவிலிருந்தும் தாவாவிலிருந்தும் வந்து
அடுக்குமாடியில் சாவியோடு
தொகுதியையும் வாங்கிக்கொண்டவர்களின் பிள்ளைகள்.

நான் ஈ ஓட்டுகிறேன்.
பட்டியலில் இருநூற்றுப் பதினாறு பேர்,
எல்லோருக்கும் ஒரே முகவரி:
சுங்கை ரெம்பியா தோட்டம், இரண்டாம் டிவிஷன்.
அது இப்போது பார்சல் கிடங்கு.
லாரிகள் பின்வாங்கும் சத்தம்
இங்கே வரை கேட்கிறது.

“சன்னாசி அனாக் லெலாக்கி பொம்மன்.”
மூன்று முகவர்களும் கோடு கிழிக்கிறார்கள்.
இரண்டு பஸ் மாறி வந்தவர்
இடது கையை நீட்டுகிறார்.
சுட்டுவிரலைக் கையுறைத் தொழிற்சாலை வாங்கிக்கொண்டது.
கையேட்டைப் புரட்டினோம். அடுத்த விரல், என்றிருந்தது.
மை அதிகமாக வழிந்துவிட்டது.
பரவாயில்லை என்றார்.

மாலையில் எழுபத்தொன்பது சீட்டுகள்.
பெட்டியை உடைக்குமுன்பே
கணக்கெழுதிவிடலாம் என்பார்கள் ஒருகாலத்தில்,
சாலுரான் ஒன்றைப் பற்றி.
இருபத்தாறு. இருபத்தைந்து. இருபத்தேழு.
முகவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை,
கூரையில் பல்லியைப் பார்த்தார்கள்.

மிஞ்சியதில் பெருக்கல் குறி இல்லை.
சின்னங்களுக்கெல்லாம் கீழே, வெற்றிடத்தில்,
பேனா தாளைக் கிழிக்கும் அழுத்தத்தில்:
நாலாவது லயம், ஒன்பதாவது வீடு.

ஆளை அடையாளம் காட்டும் எழுத்திருந்தால்
செல்லாது என்கிறது விதி.
செல்லாது என்றார்கள் மூவரும்,
அன்று முதன்முதலாக ஒரே குரலில்.
அந்த முகவரியில் இனி
யாரைப் போய்ப் பிடிப்பது என்று வாயெடுத்தேன்.
கிராணிக்குக் கருத்துக் கிடையாது.
போராங் பதினான்கில் எழுதினேன்:
நிராகரிக்கப்பட்டவை, 1.

அறிவிப்பை உரித்தபோது
ஏழாம் வாய்ப்பாடு பாதி கையோடு வந்தது.
திங்கட்கிழமை பிள்ளைகள் வருமுன்
யாராவது எழுதவேண்டும்.
பதினொன்றில்
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.