கடைசி வரியில் மாடுகள்

சாரெமா தீவில் பனி முழங்கால்வரை.
புதன் இரவு. ஆறு பேர், ஒரே வேதாகமம்.
அந்த மீனுக்குத் தொண்டை எத்தனை அகலம் என்று
கப்பல் பொறியாளராயிருந்த ஆர்வோ
பென்சிலால் வரைந்து காட்டுகிறார்.
யோனா நுழைவானா, மாட்டானா?
தேநீர் ஆறிப்போகிறது.

விர்வே மட்டும் மீனைத் தாண்டிப் போய்விட்டாள்.
நினிவேயில் கால்நடைகளுக்கும் இரட்டு உடுத்தினார்களாம்.
"எப்படிக் கட்டியிருப்பார்கள்?
எங்கள் மாசிக் கழுத்தில் மணி கட்டவே
இரண்டு பேர் வேண்டும்!"
சிரித்துக்கொண்டே பக்கம் புரட்டியவள்
கடைசி வரியில் நின்றாள்.
மறுபடி வாசித்தாள், விரல் வைத்து.

"ஆர்வோ, பென்சிலைக் கீழே வை.
முகம் திருப்பி உட்கார்ந்திருப்பவனிடம்
கடவுள் கேட்ட கேள்வி இது.
இதில் மாடுகளும் இருக்கின்றன.
பதிலை யாரும் எழுதவில்லை."

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.
கொட்டிலில் தலைச்சன் கிடாரி ஒன்று
கன்று ஈனும் நேரம்.