எழுபத்தெட்டு தசம் நாலு

கொக்குவில் பாமசித் தராசில் எழுபத்தெட்டு தசம் நாலு.
பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில்
செருப்பைக் கழற்றியும் எண்பது.
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நான்
பஸ்ஸில் போய்வருகிறேன்.

தேங்காய்ப்பால் ஆகாதென்றார்கள், சொதியை விட்டேன்.
போன வருஷம் ஆகுமென்றார்கள்.
இப்ப எலிகளில் பார்த்து மறுபடி ஆகாதாம்.
எந்த எலி இடியப்பத்தோடு சாப்பிட்டது?

முட்டை மஞ்சளைப் பூனைக்குப் போட்டேன்.
பூனைக்கு இப்ப மதிலேற ஏலாது.

அவருக்கோ அதே சட்டி, அதே அகப்பை,
இருபது வருஷமாய்ப் பெல்ற்றில் அதே துளை.
ஒப்பிட்டுப் பார்க்க ஓராள் வேணுமென்றால்
இந்தா, பக்கத்தில் குறட்டை விடுகுது.

ஆனபடியால் சித்திரையிலிருந்து ஒரு கொப்பி.
ஒரே தராசு, வெள்ளிக்கிழமை, அதே பருத்திச் சட்டை.
குரக்கன் புட்டு, நீத்துப்பெட்டியில் பாதி.
பின்னேரம் நல்லூர் வீதியில் இரண்டு சுற்று.
திருவிழா இருபத்தைந்து நாளும் பக்கம் வெறுமை:
கச்சானை எண்ணி எழுத மனம் வரவில்லை.

"குறைஞ்சதோ அன்ரி?"
பாமசிக் கேதீசன் கேட்கிறான்.
அறுநூறு கிராம்.
நடையோ, குரக்கனோ,
காப்பைக் கழற்றி வைத்ததோ, தெரியாது.
தெரியாது என்றும் எழுதியிருக்கிறேன்.

முழங்கால் மட்டும்
பஸ் படியில் இப்ப முனகுவதில்லை.
அதற்குக் கொப்பியில் நிரல் போடவில்லை.