இருநூற்றுப் பன்னிரண்டாவது இரவு

அவ்வளவுதானா என்று
ஆலன் டீக்கடைப் பெஞ்சிலிருந்து
முதலில் எழுந்தவள் நான்தான்.
திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன,
விளக்குப் பிடித்தவர், வேன் ஓட்டியவர் வரைக்கும்.

பதினோரு வருடம் எதிரி ஊரில்
சுரையா என்று தையற்கடை வைத்திருந்தாள்.
ரவிக்கைக்கு அளவெடுக்கிற சாக்கில்
ராணுவக்காரர் மனைவிகளின் வாயை அளந்தாள்.
காலர் பட்டைக்குள் பாலங்களைத் தைத்து அனுப்பினாள்.
பிடிபட்டாள்.
நகம் போனது, இரண்டு பல் போனது,
பெயர் மட்டும் போகவில்லை.
அவள் மைதிலி என்பது
அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.
கேத்தி பாலாடாவில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்டவளைக் கொண்டுவந்து
சொந்த ஊர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு
பெற்ற மகளிடமே
பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று கேட்கவைத்தார்கள்.
அந்தப் பெண் கையை நீட்டினாள்.
இவள் நடந்தாள்.
முற்றும்.

எழுதினவனுக்குச் சோறு இறங்குமா இன்றைக்கு?

பன்னிரண்டரைக்கு மிஷின் போட்டார்கள்.
டிரம்முக்குள் மண்ணாய்ப் போன கேரட்
மறுமுனையில் சிவக்கச் சிவக்க வந்து விழுந்தது.
மற்ற நாளில் அதைப் பார்க்கப் பிடிக்கும் எனக்கு.
இன்றைக்கு எரிச்சல்.
கேரட்கூடக் கழுவினால் சொல்லிவிடுகிறது
தான் யாரென்று.

தை மாதக் குளிர்.
கையுறைக்குள் தண்ணீர் இறங்கி
பத்து விரலும் பக்கத்து வீட்டுக்காரி விரல்.
ரகசியம் காப்பேன்னு கையெழுத்து வாங்கியிருப்பாங்க, அதான், என்றாள் சிசிலி.
ரெண்டாம் பாகம் வரும்க்கா, என்றான் லோடு ஏற்றும் தர்மக்கண்.
நான் கோணி ஊசியில் சணல் கோத்தேன்.
யாருக்கும் பதில் சொல்கிற நிலையில் இல்லை.

மூன்று மணி இருக்கும்.
பெள்ளி டிரம்மை நிறுத்தினான்.
இந்த நாடகத்தைப் பற்றி
ஒரு நாளும் வாய் திறக்காதவன்;
கடைக்கு வெளியே பீடியோடு நிற்பான்,
பனிக்கு ஒதுங்குகிறான் என்றிருந்தோம்.

அந்தப் பொண்ணு பையைப் பாத்தீங்களா?
வார் அறுந்து முடி போட்டிருந்தது.
வலத்துல ஒண்ணு, நடுவுல கண்ணு விட்டு
எடத்துல ஒண்ணு.
மொத நாள் இவ கெளம்பறப்ப
அதோட ஷூ நாடாவ அப்படித்தானே கட்டினா?
இன்னைக்கு அவ கண்ணு அங்கதான் மொதல்ல போச்சு.
அப்புறந்தான் வழி கேட்டா.
பொறந்த ஊர்ல எவ வழி கேப்பா?
கொரலக் கேக்கணும்னு கேட்டா.

சொல்லிவிட்டு டிரம்மைப் போட்டுவிட்டான்.

ஊசி என் கையிலேயே நின்றது.
பை. முடிச்சு.
பெண் நீட்டிய கை.
எந்தக் கை?
வலது.
ஆனால் பஸ் ஸ்டாண்டு இடது பக்கம்.
நாற்பதாவது எபிசோடோ நாற்பத்தொன்றோ,
தாத்தாவைக் கூட்டிக்கொண்டு அவள் ஓடிய அன்று பார்த்திருக்கிறேன்,
புளியமரம் தாண்டி இடது.
வலது பக்கம் இருப்பது
அவர்கள் வீடு.

வீட்டைக் காட்டினாள்! என்று கத்தினேன்.
டிரம் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.
சிசிலியின் காதோரம் போய்ச் சொன்னதற்கு
டைரக்டர் தப்பா எடுத்திருப்பான்டி,
மூட்டையைத் தை, என்றாள்.

தைத்தேன்.
வலத்தில் ஒன்று, கண் விட்டு
இடத்தில் ஒன்று.
மிச்சமிருந்த அறுபத்து மூன்று மூட்டைக்கும்.

விடிவதற்குள் லாரி குன்னூர் தாண்டி
வளைவு வளைவாய் இறங்கியிருக்கும்.
மேட்டுப்பாளையம் மண்டியில் எவனோ
எந்தக் கழுதை போட்ட முடி இது என்று
அரிவாளைத் தேடியிருப்பான்.
தேடட்டும்.
அறுக்கப் போன கையை
அங்கே யாராவது ஒருத்தி பிடித்திருந்தால்,
ஒருத்தி போதும்.

நாளைக்கு ஒன்பது மணிக்கு
அந்த இடத்தில் சமையல் போட்டியாம்.