பதினோரு விநாடி

ப்ரேபென் சாவியோடு மண்வெட்டியையும் கொண்டுவந்தான்.
வெளியே ஒரு குழி பாதியில் நிற்கிறதாம்.
"ப்ளக் பாயின்ட் ஒன்றுதான், ஆர்கனுக்குப் பின்னால்.
ஹீட்டரை மட்டும் அணைத்துவிடாதே,
மறுபடி சூடேற நாலு மணி நேரம் பிடிக்கும்."
எண்ணூறு வருடக் கருங்கல்.
அதற்கு ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்.

ஒயரை இழுத்து இழுத்துப் பீடத்தின் படிவரை வந்தேன்.
பெடல்களைக் கம்பளத்தில் பரப்பினேன்.
எதிரொலிப் பெட்டி பையிலேயே கிடக்கட்டும்.
கை தட்டிப் பார்த்தாகிவிட்டது:
இந்தச் சுவர் நாலு விநாடி யோசித்துத்தான்
பேச்சை முடிக்கிறது.
கல் சொல்வதைப் பிடிக்க ஒரு மைக் வைத்தேன்.
அதுதான் பிற்பாடு வம்பாயிற்று.

ஹீட்டர் உறுமிக்கொண்டே இருந்தது
யாரும் துருத்தி அமுக்காத சுருதிப்பெட்டியாக.
அதை என் வழிக்குக் கொண்டுவர முடியாது.
ஆறு தந்தியையும் ஒரு மயிரிழை ஏற்றி
நான் அதன் வழிக்குப் போனேன்.

தலைக்கு மேலே கப்பல்.
இந்தக் கரையில் எல்லாக் கோயிலிலும் ஒன்று தொங்கும்:
மூன்று பாய்மரம், முழ நீளம்,
உயிரோடு திரும்பிய யாரோ செய்து மாட்டியது.
தண்ணீரே படாத அடிவயிற்றுக்கும்
ஒழுங்காகத் தார் பூசியிருக்கிறார்கள்.
ஹீட்டரின் வெப்பக்காற்றில்
அது மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

பதினான்கு பேர்.
அதில் இரண்டு பேர் பாடகர் ஒத்திகை என்று நினைத்து வந்தவர்கள்,
வெளியே தூறலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.
பலகையில் போன ஞாயிற்றின் பாட்டு எண்கள்,
12, 754, 331.
இங்கெலிஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
என் எண்ணுக்காகக் காத்திருந்தாள்.

தந்தியில் விரல் படும் சத்தத்தைக்
காலால் மூடி, பிறகு திறக்க வேண்டும்.
அப்போது ஒலிக்குத் தொடக்கம் இருக்காது.
விடிவதைப்போல;
இந்த நிமிஷத்தில்தான் என்று
யாராலும் சாட்சி சொல்ல முடியாது.
பதினோரு விநாடி, ஒரு சுற்று.
அதன்மேல் இன்னொன்று. அதன்மேல்

ஐனார் இருமினார்.

நாற்பது வருடம் மீன் குளிர்க்கிடங்கில் வேலை பார்த்த நெஞ்சு.
பதினோரு விநாடி கழித்து
இரண்டு ஒலிபெருக்கியும் சேர்ந்து இருமின.
தலைகள் திரும்பின.
அவர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார்.
மறுபடி வந்தது.
பொத்திய வாயோடு, குற்றமற்றவராக,
தன் இருமலைத் தானே கேட்டுக்கொண்டு அவர்.
ஒத்திகைக்கு வந்தவர்களில் ஒருத்தி
தோள் குலுங்கக் குனிந்தாள்.

என் கால் அழிக்கும் பித்தானுக்கு மேலே.
ஒரு மிதி போதும்.
அதோடு மற்றதும் போகும், அந்த விடியலும்.

மிதிக்கவில்லை. பெருந்தன்மை ஒன்றுமில்லை,
கால் தயங்கியது, அவ்வளவுதான்.
இருமல் முடியும் இடத்தில்
ஒரு தாழ்ந்த ஸ்வரத்தை வைத்துப் பார்த்தேன்.
உட்கார்ந்துகொண்டது.
ஒவ்வொரு சுற்றிலும் பழையது கொஞ்சம் தேயும்.
ஆறாவதில் அது தூரத்து நாய்.
பத்தாவதில் எங்கோ ஒரு கதவு.
அதற்குப் பிறகு, கூழாங்கல்லில் அலை
பின்வாங்கும்போது வருமே, அது.
ஐனார் இருக்கையின் விளிம்பில் விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.
அது எப்போது வரும் என்று
சரியாகத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.
கடைசியில் அது வராமலே போனபோதும்
விரல் விழுந்தது,
சரியான இடத்தில்.

பிறகு, க்ளக்.
ஹீட்டர் தானாக நின்றது.

எதனோடு சேர்ந்திருந்தேனோ அது இல்லை.
மயிரிழை ஏறிய ஆறு தந்திகள்
எதற்கு ஏறின என்று இனி யாருக்கும் தெரியாது.
அப்படியே வாசித்தேன்.
நெடுநேரம் என்று எனக்குத் தோன்றியது;
கடிகாரத்தில் நாலு நிமிஷம்.
கப்பல் வேகம் குறைந்து குறைந்து நின்றது,
முகப்பு வாசலைப் பார்த்தபடி.

கைதட்டலையும் சுவர் நாலு விநாடி வைத்திருந்தது.

ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.
ஐனார் வந்து நின்றார், தொப்பியைத் திருகிக்கொண்டு.
"முதலாவது மட்டும்தான் என்னுடையது."
அவ்வளவுதான் சொன்னார்.

வாசலில் சேற்றுப் பூட்ஸோடு ப்ரேபென்.
சுவரில் கை வைத்துப் பார்த்தான்.
"யார் அணைத்தது?"